பிளஸ் டூ படிப்பு கல்லூரிக்கும் வேலைக்கும் எவ்வளவு கைகொடுக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் வந்தால் என் போனுக்கு ஓய்வில்லை. அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் எடுக்கிறேன். ரிசல்ட் வந்த காலையில் தொடங்கி, கவுன்சலிங் முடியும்வரை ஒரே கேள்வியைப் பத்து வீட்டுக்காரர்கள் பத்து விதமாகக் கேட்பார்கள். எல்லாவற்றையும் ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் அனுப்பிவிடலாமே என்றுதான் இது. சேர்க்கை விதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். விண்ணப்பம் போடும்போது அந்த ஆண்டுக் கையேட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், என் பையன் பிளஸ் டூவில் 550 எடுத்தான். முதல் செமஸ்டரிலேயே இரண்டு அரியர் (தேறாமல் திரும்ப எழுத வேண்டிய பாடம்). எப்படி?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். ரிசல்ட் நேரத்தில் அல்ல, தை மாதத்தில் வரும்.

பிளஸ் டூவில் பையன் என்ன செய்தான் என்று யோசித்துப் பாருங்கள். ஜூனில் தொடங்கிய பாடம் டிசம்பருக்குள் முடிந்திருக்கும். அப்புறம் முதல் ரிவிஷன், இரண்டாம் ரிவிஷன், மூன்றாம் ரிவிஷன். புக் பேக் கேள்விகள், ஐந்து வருடப் பழைய வினாத்தாள், காலையில் ஒன் மார்க் டெஸ்ட், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ். தேர்வறையில் உட்காரும்போது அந்த மாதிரிக் கேள்வியை ஏழெட்டு முறையாவது எழுதிப் பார்த்திருப்பான். அவன் வாங்கிய மதிப்பெண் பொய்யில்லை. ஆனால் அது எதற்குக் கிடைத்த மதிப்பெண் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்த எல்லைக்குள், தெரிந்த வடிவத்தில் வரும் கேள்விக்கு, நேரத்துக்குள் பிழையில்லாமல் எழுதியதற்கு.

கல்லூரியில் எல்லை தெரியாது. நான்கைந்து மாதத்துக்குள் ஐந்தாறு பாடம். சிலபஸ் என்று அரைப் பக்கத்துக்குத் தலைப்புகள் இருக்கும், கீழே மூன்று நான்கு புத்தகப் பெயர்கள். எந்தப் பக்கம் முக்கியம் என்று கோடு போட்டுத் தர ஆள் இல்லை. வகுப்பில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு, 'மீதியைப் பார்த்துக்கோங்க' என்று போய்விடுவார்கள்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை கல்லூரியில் சேர்ந்த முதல் டிசம்பரில் என்னைப் பார்க்க வந்தாள். கையில் செமஸ்டர் வினாத்தாள். மூன்றாவது கேள்வியில் விரலை வைத்து, 'டீச்சர், இது எந்தப் புக்ல இருக்கு?' என்றாள். பார்த்தேன். எந்தப் புத்தகத்திலும் இல்லை. இரண்டு பாடங்களைச் சேர்த்து யோசித்தால் வரும் கேள்வி, இரண்டுமே அவளுக்குத் தெரியும். ஆனால் விடை எங்கோ அச்சாகி இருக்கும், அதைக் கண்டுபிடித்துப் படிப்பதுதான் நம் வேலை என்று இரண்டு வருடம் பழக்கியவர்கள் நாங்கள்தான். அவள்மேல் என்ன குற்றம்?

மேல்நிலைக் கல்வி என்பதே கல்லூரிக்குத் தயார்படுத்தத்தானே கொண்டுவந்தார்கள்?

ஆமாம். உங்கள் வீட்டில் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர் இருந்தால் கேளுங்கள், பி.யூ.சி. என்று சொல்வார். பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஒரு வருடம் கல்லூரியிலேயே போய்ப் படித்த படிப்பு. 1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தபோது அது போய்விட்டது. அந்தப் படிப்பு இரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்துக்குள் வந்து சேர்ந்தது.

நல்லதுதான். கல்லூரி இல்லாத ஊர்ப் பிள்ளைக்கும், முக்கியமாகப் பெண் பிள்ளைக்கும், பிளஸ் டூ எட்டும் தூரத்துக்கு வந்தது. ஆனால் ஒன்று கைநழுவிப் போயிற்று. பி.யூ.சி. மாணவன் கல்லூரி வளாகத்தில் தடுமாறிக்கொள்ள ஒரு வருடம் இருந்தது. லெக்சர் கேட்டு நோட்ஸ் எடுப்பது, நூலகத்தில் தேடுவது, கேட்க ஆளில்லாமல் படிப்பது எல்லாம் அங்கேயே பழகிவிடும். இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூட மணிக்குப் பழகியபடியே நேராக டிகிரிக்குள் விழுகிறார்கள். தடுமாற அவகாசமில்லை, முதல் செமஸ்டரிலேயே மார்க் ஷீட்டில் ஏறிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. அன்றைக்குக் கல்லூரிக்குப் போனவர்கள் சிலர்தான். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது 18 முதல் 23 வயதுள்ளவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் இருப்பவர்கள், 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. இப்படிப் போகிறவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் கல்லூரிப் படிப்பு படித்த முதல் ஆள். 'அரியர்னா என்னப்பா?' என்று கேட்டால் சொல்ல அப்பாவுக்கும் தெரியாது.

பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இனி இல்லையாமே. நிம்மதிதானே?

பிள்ளைக்கு நிம்மதி. எனக்குக் கொஞ்சம் பயம்.

அந்தத் தேர்வு ஏன் வந்தது என்பது மறந்துபோகக் கூடாது. 1200 மதிப்பெண் காலத்தில் பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடவே மாட்டார்கள். ஜூனில் பிளஸ் ஒன் சேர்ந்த பிள்ளைக்கு ஆகஸ்டிலேயே பிளஸ் டூ புத்தகம் வந்துவிடும். இரண்டு வருடமும் ஒரே புத்தகம், மனப்பாடம், சென்டம். பிறகு கல்லூரிக்குப் போய் முக்கோணவியலும் வகைக்கெழுவும் அடிப்படையிலிருந்து தெரியாமல் விழிப்பார்கள். அதைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்து, இரண்டு வகுப்புக்கும் தனித்தனியே 600 மதிப்பெண் என்று ஆக்கினார்கள். மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்றால் பிள்ளைகள் களைத்துப்போகிறார்கள் என்று, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது.

களைப்பு உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பழைய வழக்கம் திரும்பி வருமா என்பதை வீட்டிலிருந்து நீங்கள்தான் கவனிக்க வேண்டும். செப்டம்பரில் பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளையின் பையில் பிளஸ் டூ புத்தகம் இருந்தால் பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். இன்ஜினியரிங் முதலாண்டுக் கணக்குக்கு அஸ்திவாரம் பெரும்பாலும் பிளஸ் ஒன்னில்தான் இருக்கிறது. மருத்துவத்துக்கான நீட், ஐ.ஐ.டி. போன்றவற்றுக்கான ஜே.இ.இ. என்ற நுழைவுத்தேர்வுகள் இரண்டிலும் ஏறக்குறையப் பாதிப் பாடம் பிளஸ் ஒன்.

எந்த குரூப் எடுக்கலாம்?

பிள்ளையிடம் கேளுங்கள். இதைச் சொன்னால் பெற்றோர் சிரிப்பார்கள், ஆனால் முதலில் அதைச் செய்துவிட்டு வாருங்கள்.

கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப் எடுத்தால் இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும், சுமையும் அதிகம். உயிரியல் இல்லாமல் நீட் பக்கம் போவது கஷ்டம். கணக்கு இல்லாமல் இன்ஜினியரிங் கவுன்சலிங் பக்கம் போவது கஷ்டம். தாவரவியல், விலங்கியல் எடுக்கும் பியூர் சயின்ஸ் பிள்ளைகளிடம் நான் முதலிலேயே இதைச் சொல்லிவிடுவேன். டாக்டர் சீட்டு கிடைக்காவிட்டால் என்ன என்பதற்கு ஒரு பதில் கையில் இருக்க வேண்டும்: வேளாண்மை, கால்நடை மருத்துவம், மருந்தியல், பாராமெடிக்கல், அறிவியல் பட்டப்படிப்பு என்று பதில்கள் உண்டு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, நீட் இல்லை.

காமர்ஸ் குரூப்பை இன்னும் 'மார்க் இல்லாதவன் எடுப்பது' என்று பேசுகிறார்கள். சி.ஏ. (ஆடிட்டர் படிப்பு) படிக்க நினைக்கும் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான குரூப் எது? பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதலாம். எங்கள் பகுதியில் ஆடிட்டர் அலுவலகம், ஜி.எஸ்.டி. ஃபைல் செய்யும் இடம், வங்கி, கடைக் கணக்கு எங்கு பார்த்தாலும் காமர்ஸ் படித்தவர்களைத்தான் தேடுகிறார்கள்.

கம்ப்யூட்டர் படிக்க ஆசை, ஆனால் எடுத்தது காமர்ஸ் என்று வருத்தப்படுபவர்களுக்கு ஒன்று. சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் இணையவழி பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜே.இ.இ. வேண்டாம், குரூப் கட்டுப்பாடும் இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்து, பிளஸ் டூ தேறியிருந்தால், நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதலாம். லேசான படிப்பு என்று நினைத்துச் சேராதீர்கள். வாராவாரம் அசைன்மென்ட் வரும்.

கட்-ஆஃப் எப்படிப் போடுகிறார்கள்?

கட்-ஆஃப் என்பது சேர்க்கைக்கான தரவரிசை மதிப்பெண். இன்ஜினியரிங்குக்கு 200-க்கு. கணக்கு 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் 50-50 ஆகப் பாதி. கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 என்றால் 92 + 42 + 44, ஆகக் கட்-ஆஃப் 178. நுழைவுத்தேர்வை 2007-ல் எடுத்த பிறகு இதுதான் ஒரே அளவுகோல்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான படிப்புக்கு மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடம், 400-க்கு. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்.

இந்தக் கணக்கால் ஒரு கெடுதல் நடக்கிறது. மொழிப்பாட மதிப்பெண் கட்-ஆஃபில் சேராது என்று தெரிந்ததும், தமிழும் ஆங்கிலமும் 'பாஸ் ஆனா போதும்' பாடங்களாகிவிடுகின்றன. அந்தப் பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொள்வார், சில சமயம் நானும் வாங்கியிருக்கிறேன். நான்கு வருடம் கழித்து இன்டர்வியூவில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் அந்தப் பிள்ளை வாயடைத்து நிற்கும். அப்போது எங்கள் யாரையும் யாரும் கேட்பதில்லை.

தமிழ் மீடியம் பிள்ளை இங்கிலீஷில் பாடம் நடத்தினால் தாங்குமா?

தாங்கும். ஆனால் முதல் மூன்று மாதம் காதில் ஒன்றும் ஏறாது, அதைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். பாடம் தெரியாமல் இல்லை, பெயர் தெரியாமல் விழிப்பார்கள். உந்தம் என்றால் முழுக் கணக்கும் போடும் பையன், 'மொமென்டம்' என்று கேட்டதும் இது ஏதோ புதுசு என்று பயந்துபோகிறான். அணிக்கோவைதான் 'டிடர்மினன்ட்', தொகையிடல்தான் 'இன்டக்ரேஷன்' என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

இதற்குச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இரண்டு மீடியத்திலும் ஒரே பாடம், ஒரே படம், ஒரே கணக்கு. ஆங்கில வழிப் புத்தகத்தை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தேர்வு முடிந்து கல்லூரி திறப்பதற்குள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தெரிந்த பாடத்தையே ஆங்கிலத்தில் படிக்கட்டும். பொருள் முன்பே தெரியும் என்பதால் வாக்கியம் தானாகப் புரியும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல். என் மாணவன் ஒருவன் இயற்பியலுக்கு மட்டும் இப்படி எழுதினான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் கல்லூரி நண்பர்கள் நான்கு பேரின் கையெழுத்து இருந்தது, கடன் வாங்கிப் போனதற்கு அடையாளமாக!

தமிழ்வழிச் சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். தமிழ்நாடு அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பள்ளியிலிருந்து தொடர்ந்து தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் சேர்க்கலாமா?

பணம் இருந்தால் சேருங்கள். மேலே சொன்ன நோட்டு முதலில்.

பிராக்டிகல் மார்க் எப்படியும் போட்டுவிடுவார்கள். அதைப் பற்றி ஏன் கவலை?

போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

செய்முறைப் பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. இந்த 20-ஐ யாரும் குறைக்க மாட்டார்கள் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். பல இடத்தில் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்புதான் லேபைத் திறக்கிறார்கள். ரெக்கார்டு நோட்டை முந்தைய வருடத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது ஒரு பாரம்பரியமாகவே ஆகிவிட்டது. அட்டவணையில் அளவீடுகள் உட்பட.

ஒரு டைட்ரேஷனை, அதாவது ஒரு கரைசலைக் கொண்டு இன்னொரு கரைசலின் செறிவை அளப்பதை, நினைத்துப் பாருங்கள். பியூரெட்டில் பெர்மாங்கனேட், ஊதா நிறம். கீழே கூம்புக் குடுவையைக் கையால் சுழற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுந்த நிறம் உடனே மறைந்துகொண்டே இருக்கும். பொறுமை போய்க் குழாயைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்தால் சட்டென்று கருஞ்சிவப்பாகிவிடும், அவ்வளவுதான், முதலிலிருந்து செய்ய வேண்டும். சரியாக ஒரு சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு வந்து மறையாமல் நிற்கும். அந்த அளவைக் குறித்துக்கொண்டு மறுபடியும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும், இரண்டு அளவும் ஒத்துவர வேண்டும். ஒத்துவரவில்லையா? எங்கே தவறு என்று தேட வேண்டும். பிப்பெட்டில் குமிழியா, கண் மட்டத்தில் பார்க்கவில்லையா, குடுவையைக் கழுவவில்லையா?

மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில், சாயப்பட்டறையில், குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் செய்வதும் இதே வேலைதான். அளவு ஒத்துவராதபோது பக்கத்து டேபிள்காரனின் அளவை எழுதிக்கொள்ளாமல் தேடிப் பார்ப்பது என்ற பழக்கம் இருக்கிறதே, அதைப் பிளஸ் டூவின் மொத்த 600 மதிப்பெண்ணில் வேறு எந்த இடத்திலும் நாங்கள் சொல்லித்தருவதில்லை. அதனால் என் வகுப்பில் தப்பு வந்தால் தப்பு என்றே ரெக்கார்டில் எழுதச் சொல்கிறேன். ஆரம்பத்தில் பிள்ளைகளுக்குக் கை நடுங்கும்.

நீட், ஜே.இ.இ. கோச்சிங்குக்குத் தனியாகப் போக வேண்டுமா?

தமிழ்நாட்டில் 2017 முதல் எம்.பி.பி.எஸ். சேர்க்கை நீட் வழியாகத்தான். பள்ளித் தேர்வுக்கும் அதற்கும் பாடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 2018-19-லிருந்து வந்த புதிய புத்தகங்கள் கனமானவைதான். வித்தியாசம் கேட்கும் விதத்தில். 180 நிமிடத்தில் 180 கேள்வி, சரிக்கு நான்கு, தவறுக்கு மைனஸ் ஒன்று. ஐந்து மதிப்பெண் விடையை அழகாக எழுதும் கைக்கு இது வேறு ஆட்டம். தெரியாததை விட்டுவிட்டுப் போகும் துணிவு வேண்டும். பள்ளியில் நாங்கள் சொல்வதோ, 'எதையாவது எழுதி வை, விட்டுட்டு வராதே.'

கோச்சிங் வேண்டுமா என்றால், பயிற்சித் தேர்வுகள் வேண்டும். அதற்குப் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கிறது, மாதிரிப் பள்ளிகளில் தங்கிப் படிக்கவும் முடிகிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்றவற்றுக்கு 2021-லிருந்து. இடையில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்கு மாற்றியவர்கள் இதை இழந்துவிட்டு என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். ஏழாம் வகுப்பில் வேன் வசதிக்காக மாற்றினேன் என்றார் ஒரு அம்மா. நான் என்ன சொல்ல?

இரண்டாம் முறை, மூன்றாம் முறை நீட் எழுதுவது பற்றி: ஒரு முறை ரிப்பீட் செய்வதில் தப்பில்லை. அதற்கு மேல் என்றால் ஏதாவது ஒரு படிப்பில் சேர்ந்துகொண்டு எழுதட்டும்.

பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக் அல்லது ஐ.டி.ஐ. போனால் படிப்பு அதோடு நின்றுவிடுமா?

இல்லை. பாலிடெக்னிக் மூன்று வருடம் முடித்தவர் பி.இ. நேரடி இரண்டாமாண்டில் சேரலாம். பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவில் நேரடி இரண்டாமாண்டில் சேரலாம். ஆக ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்த பையன் டிப்ளமோ வழியாக இன்ஜினியர் ஆக முடியும், ஆனவர்களும் உண்டு. கையால் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தி ஃபர்ஸ்ட் குரூப்பில் உட்கார வைத்து, இரண்டு வருடம் கழித்துத் தலைகுனிந்து நிற்க வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பிளஸ் டூவிலேயே தொழிற்கல்விப் பிரிவும் இருக்கிறது: அடிப்படை இயந்திரவியல், மின்பொறியியல், வேளாண் அறிவியல், செவிலியம், அலுவலக மேலாண்மை. 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்தபோது கூடவே வந்தது. படிப்பை முடித்ததும் ஒரு கைத்தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய எண்ணம். அதை நாம் மதிக்கவில்லை. ஆசிரியர் ஓய்வு பெற்றதும் பிரிவையே மூடிவிடும் பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளியில் இன்னும் இருந்தால் விசாரித்துப் பாருங்கள். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் அவர்களுக்கென்று தனியாக இடமும் ஒதுக்குகிறார்கள்.

பிளஸ் டூ முடித்ததும் வேலைக்குப் போக முடியுமா?

முடியும். இரண்டாம்நிலைக் காவலர் வேலை, அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வு இரண்டுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) வேலையும் இந்த குரூப் 4-ல்தான் வருகிறது. அந்தத் தேர்வின் 200 கேள்வியில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. தமிழில் குறைந்தபட்ச மதிப்பெண் வாங்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். அந்த 100 கேள்வியும் பத்தாம் வகுப்புத் தரத்தில்தான். பட்டம், முதுகலைப் பட்டம் வாங்கியவர்கள் பழைய புத்தகக் கடையில் எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் தேடி அலைவதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். படிக்கும்போதே படித்திருந்தால் என்ன?

ஆனால் பிளஸ் டூவோடு நிறுத்துவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. வீட்டு நிலைமை அப்படி இருந்தால் வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலைக் கல்வியில் சேர்ந்துவிடச் சொல்வேன்.

கேம்பஸ் இன்டர்வியூவில் பள்ளிப் படிப்பைக் கேட்பார்களா?

கேட்பார்கள், இரண்டு விதமாக. பல நிறுவனங்கள் பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் இருந்தால்தான் தேர்வு எழுதவே விடும். அதற்கப்புறம் வரும் ஆப்டிட்யூட் தேர்வில் என்ன வருகிறது தெரியுமா? சதவீதம், விகிதம், லாப நட்டம், நேரமும் வேலையும், ரயில் பாலத்தைக் கடக்கும் கணக்கு. எல்லாம் ஏழாவது எட்டாவதில் போட்டவை. 'ஏ என்பவர் ஒரு வேலையை 12 நாளில், பி என்பவர் 6 நாளில் முடித்தால், இருவரும் சேர்ந்து எத்தனை நாளில்?' நான்கு நாள். இதைப் பேனா இல்லாமல் சொல்லும் பிள்ளை, இன்டக்ரேஷனில் சென்டம் வாங்கிய பிள்ளையை முந்திக்கொண்டு போய்விடும்.

'நான் முதல்வன்' என்று வகுப்பில் நடத்துகிறார்களே, பயன் உண்டா?

மேற்படிப்பு, வேலை பற்றி வழிகாட்ட 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம். பள்ளியில் அதன் பெரிய பயன், இன்னின்ன படிப்பு இருக்கிறது என்று காதில் விழுவதுதான். டாக்டர், இன்ஜினியர், டீச்சர், போலீஸ் என்று நான்கே வேலை தெரிந்த பிள்ளைக்கு ஃபேஷன் டிசைன், கப்பல், சட்டம் என்றெல்லாம் தெரிய வருகிறது. 'கல்லூரிக் கனவு' என்ற உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிக்குப் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள், முடிந்தால் நீங்களும் போங்கள். ஆனால் அந்தப் பீரியட் எங்கள் பள்ளியில் ஒழுங்காக நடக்கிறதா என்றால், ரிவிஷன் நெருங்கும் மாதங்களில் இல்லை.

பணத்துக்கு என்ன வழி?

முதலில் சான்றிதழ். சாதி, வருமானம், முதல் பட்டதாரி மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரிசல்ட் வந்தபிறகு போனால் கூட்டம், ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள். குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கியிருக்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சலுகையில் தொழிற்படிப்புக் கல்விக் கட்டணம் குறையும். அண்ணன் ஏற்கெனவே அதைப் பயன்படுத்தியிருந்தால் தம்பிக்குக் கிடையாது.

அரசுப் பள்ளியில், அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில், ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குக் கல்லூரியில் மாதம் ரூ.1000. பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண், ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் போனால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எத்தனையோ பேருக்குப் பணம் அங்கேதான் சிக்கிக்கொள்கிறது.

ஒரு பாடத்தில் போய்விட்டது. ஒரு வருடம் வீணா?

இல்லை. உடனே துணைத்தேர்வு வரும், எழுதித் தேறினால் அதே ஆண்டில் சேரலாம். விண்ணப்பத் தேதியைத் தவறவிடாதீர்கள். 2025-ல் 95.03 சதவீதம் பேர் தேறினார்கள். அதனாலேயே தேறாத பிள்ளை தான் மட்டும்தான் போய்விட்டோம் என்று நினைத்துக்கொள்ளும். ரிசல்ட் அன்று அந்தப் பிள்ளையைத் தனியாக விட வேண்டாம். மற்றதை மறுநாள் பேசிக்கொள்ளலாம்.

தேர்வு முடிந்தது. பழைய புத்தகத்தையெல்லாம் பேப்பர் கடைக்குப் போடலாமா?

கைடுகளைப் போடுங்கள். ரிவிஷன் டெஸ்ட் பேப்பர்களையும் போடுங்கள், கிலோ கணக்கில் இருக்கும். ரெக்கார்டு நோட்டு, பார்த்து எழுதியது என்றால் போகட்டும். பிளஸ் ஒன் கணக்குப் புத்தகம் இரண்டு தொகுதியையும் மட்டும் எடுத்து வையுங்கள். அக்டோபரில் விடுதியிலிருந்து போன் வரும், 'அம்மா, அந்தப் புக்கு இருக்கா?' என்று.